கொள்ளுப் பள்ளத்தில் நிற்காத வண்டி

புதிதாக லைசென்ஸ் வாங்கி வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது டிப்போவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்கள், அனுபவியுங்கள். கிளட்ச்சை எப்படி விடுவது, கியரை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது கைக்கும் காலுக்கும் தானாகப் பழகிவிடும். தலைக்கு வரவேண்டியதுதான் தாமதமாக வருகிறது. எனக்கு அது வந்து சேர்வதற்குள் ஒரு பெண்ணின் கால் முறிந்துவிட்டது.

வண்டி ஓடுகிறது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது ஒரே ஓட்டம் இல்லை. வண்டி நேராகப் போகிறது. சக்கரம் சுற்றுகிறது. கூரைமேல் மூட்டை அப்படியும் இப்படியும் ஆடுகிறது. கியர் தண்டு நடுங்கிக்கொண்டே இருக்கிறது. வளைவில் மொத்த வண்டியும் வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது. இத்தனைக்கும் ஒரே நேரத்தில் நீங்கள்தான் பொறுப்பு. இதற்கெல்லாம் மூன்று விதி இருக்கிறதாம். என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சத்தம் போட்டு மனப்பாடம் செய்வாள். சீமையில் யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ எழுதி வைத்ததாம். அந்த மனுஷன் பஸ்ஸே ஓட்டாமல் எப்படி இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நான் மூன்றையும் செஞ்சி ரோட்டில் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டுதான் கற்றேன்.

முதல் விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பானை மோர். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோட்டையைத் தாண்டித் திருவண்ணாமலை பக்கம் போகிற ரோட்டில், வண்டிக்கு நேர் குறுக்கே ஒரு ஆடு வந்து நின்றது. ஏறி மிதித்தேன் பிரேக்கை. வண்டி கச்சிதமாக நின்றது. ஆடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரும்புவதற்குள், என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் மோர்ப்பானை என் முதுகில் வந்து உடைந்தது. தலைமுதல் கால்வரை மோர்.

"ஆட்ட காப்பாத்திட்ட. என் மோர யாரு காப்பாத்துறது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். வண்டியே சிரித்தது.

கருவேப்பிலை ஒட்டிக்கொண்ட சட்டையோடு ஷெட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் ஃபிட்டர் இருந்தார். அவர் பேரைச் சொல்ல மாட்டேன், தன் பேர் எதிலும் வருவது அவருக்குப் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கதையைக் கேட்டார். "நீ நிறுத்துனது வண்டிய. பானைய யாரு நிறுத்துனா? அதும்பாட்டுக்கு வந்துகினு இருந்துச்சு, வந்துடுச்சு. பிரேக்கு சக்கரத்துலதான் இருக்குது சவரி, பானையில இல்ல" என்றார். அன்றிலிருந்து பிரேக்கில் கால் வைக்கும்போது எனக்குப் பின்னால் இருக்கும் முப்பது பேரையும் கூரைமேல் இருக்கும் மூட்டைகளையும் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு அடுப்பை மாட்டி, கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் கேஸில் ஓட்டச் சொன்னார்கள். காலையில் புறப்பட வேண்டுமானால் அரை மணி நேரம் ஒருவர் ஊதுவதற்கு இருக்கும் காற்றுருளையைக் கையால் சுற்றி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் வண்டிக்குப் பலம் இருக்காது. சமதரையில் கிழவன் மாதிரி இருமிக்கொண்டு போகும். ஏற்றம் வந்தால் நின்றுவிடும். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வண்டியும் தள்ளுவதா என்று தினமும் சண்டை.

எங்கள் ரோட்டில், ஊரிலிருந்து நாலு மைலில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. ஒரு பக்கம் நீண்ட இறக்கம், மறுபக்கம் அதே அளவு ஏற்றம். எல்லா டிரைவர்களும் அந்த ஏற்றத்தில் ஆட்களை இறக்கினார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இறக்கத்தின் உச்சியிலேயே கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவேன். இன்ஜின் பிடிக்காததால் வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வேகம் எடுக்கும். அந்த வேகத்திலேயே மறுபக்கத்து ஏற்றத்தில் முக்கால் தூரம் ஏறிவிடும். மிச்சத்துக்குக் கியரைப் போட்டால் போதும். யாரும் இறங்க வேண்டாம், தள்ள வேண்டாம். சவரிமுத்து வண்டி என்றால் ஜனங்கள் மற்ற வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்து ஏறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபிட்டர் மட்டும் மெச்சவில்லை. "கியர்ல இருந்தா இன்ஜின் வண்டிய புடிச்சிக்கும்டா. நியூட்ரல்ல விட்டா பூமிதான் வண்டி ஓட்டுது, நீ பாசஞ்சரு" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே, என்ன பொறாமை என்று யோசிக்கிற அறிவு எனக்கு அப்போது இல்லை.

அந்தப் பள்ளத்தை ஒட்டி ஒரு காலனி. நிலம் இல்லாத குடும்பங்கள். அங்கே அஞ்சலை என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கூலிக்குப் போகிறவள். மாசி மாதம் கொள்ளு அறுவடைக்குக் கூலியாகக் கொள்ளுக்கொடியையே கட்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதைக் காயவைத்து அடித்தால்தான் தானியம். அடிப்பதற்குக் களம் வேண்டும். களமெல்லாம் நிலம் உள்ளவர்களுடையது. அதில் இவர்களுடைய கொடி ஏற முடியாது. அதனால் அஞ்சலை கொடியை ரோட்டில் பரப்பினாள். பஸ் சக்கரம் ஏறி இறங்கினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். அடிக்கிற வேலையே இல்லை. எங்களுக்கும் அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

முதலில் அவள் ஏற்றத்தில்தான் பரப்பியிருந்தாள். உதிர்ந்த கொள்ளு உருண்டு என் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சக்கரம் தரையைப் பின்னால் தள்ள வேண்டும், தரை வண்டியை முன்னால் தள்ள வேண்டும். நடுவில் கொள்ளு உருண்டால் யார் யாரைத் தள்ளுவது? மூன்றாவது விதியும் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"ஏம்மா, ஏத்தத்துல போடாத. சக்கரம் வழுக்குது. கீழ பள்ளத்துல போடு. நான் ஓட்டிகினு போறேன்" என்றேன்.

"சரிண்ணா" என்று அவள் கட்டுகளை அள்ளிக்கொண்டு போய் நான் காட்டிய இடத்தில் பரப்பினாள். நான் சொன்ன இடத்தில் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருமலும் கரிப்புகையுமாக வருகிற பஸ்ஸின் சத்தம் அரை மைலுக்கு முன்பே கேட்கும். அவள் கவைக்கோலை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குவாள், வண்டி போனபிறகு கொடியைப் புரட்டிவிடுவாள். அந்தப் பத்து நாளும் என் கரி ஈரமாக இருந்ததால், இன்ஜின் இழுக்காவிட்டால் அடுப்பு அணைந்துவிடுமோ என்று பயந்து இன்ஜினைக் கியரிலேயே வைத்து ஓட்டினேன். ஆட்களை இறக்கித் தள்ளவும் வைத்தேன். பதினோராம் நாள் நல்ல உலர்ந்த கரி வந்தது. கூரை நிறைய மேல்சித்தாமூர் சமண நயினார் ஒருவரின் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள், உள்ளே நெரிசல். தள்ளச் சொல்வீர்களா என்று கேட்டுக்கொண்டேதான் ஜனங்கள் ஏறினார்கள். மாட்டேன் என்று மார்தட்டினேன்.

உச்சியில் கியரை எடுத்தேன். வண்டி உருண்டது. மீட்டர் முள் நாற்பதைத் தொட்டது. நியூட்ரலில் விட்டதும் இன்ஜின் சத்தம் அடங்கிவிடும். அதை நான் ஒரு சுகமாகத்தான் நினைத்து வந்தேன். எங்கள் வண்டி பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அஞ்சலை ரோட்டின் நடுவில் குனிந்து கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஹார்னை அமுக்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்த அதே நேரத்தில் பிரேக்கையும் மிதித்தேன். சக்கரம் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு கொள்ளின்மேல் அப்படியே வழுக்கிப் போனது. முன்னால் தொங்கவிட்டிருந்த என் செபமாலை கண்ணாடிப் பக்கம் விறைத்து நின்றதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திருப்பியதற்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. பின்பக்கம் சுழன்று முன்னால் வந்தது. அஞ்சலை பாய்ந்து ஒதுங்கிவிட்டாள். வண்டி அவளைத் தொடவில்லை. குறுக்காகத் திரும்பி வரப்பில் மோதி நின்றது. நின்றது வண்டிதான். கூரைமேல் முன்வரிசையில் இருந்த மூட்டை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே பறந்து, ஒதுங்கி விழுந்திருந்தவள் கால்மேல் விழுந்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. வண்டிக்குள் நாலைந்து பேருக்கு மூக்கிலும் நெற்றியிலும் காயம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் கம்பெனி ஏஜெண்டு என்னைக் கூப்பிட்டார். "ரோட்டுல கொள்ளு பரப்பியிருந்துச்சு, வண்டி வழுக்கிடுச்சு. இத்த எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு. பொய் ஒண்ணியும் இல்லியே?" என்றார். உண்மைதான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். தயங்காமல் போட்டேன், அதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

மூன்றாம் நாள் ஒரு பன் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலை காலில் பலகை வைத்துக் கட்டி, பாயில் கிடந்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"போலீஸ்காரரு வந்து பேரு எழுதிகினு போனாருண்ணா. பொதுரோட்டுல கொள்ளு போட்டது தப்பாம். இன்ஸ்பெக்டரு வந்து பாத்துட்டு கேஸு போடுவாராம். அபராதம் கட்டலன்னா உள்ள வெப்பாங்களாம். புள்ளைங்கள இன்னா பண்றதுன்னு தெரியல. நீதானண்ணா பள்ளத்துல போட சொன்ன?"

அவள் உண்மையாகவே சந்தேகமாகத்தான் கேட்டாள். தான் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டோமோ என்று. நான் பன்னை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராக ஷெட்டுக்குப் போனேன். ஃபிட்டர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து கையைத் துடைத்தார். "பிரேக்க கழட்டிப் பாத்தேன். அதுமேல தப்பு இல்ல. அதே கொள்ளு மேலதான் பத்து நாளா போய்க்கினு இருந்த, அதுமேலயும் தப்பு இல்ல. மிச்சம் யாரு இருக்குறா?" என்றார்.

"லைசென்ஸு போயிடும். வேற தொழிலு தெரியாது எனக்கு."

"போவும். அவளுக்குக் காலு போச்சு" என்றார் ஃபிட்டர். மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பள்ளத்துக்கு வந்தார். ஏஜெண்டு குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். வண்டியோடு நானும் ஃபிட்டரும் போயிருந்தோம். காலனி ஜனங்கள் பயந்துபோய்க் கொள்ளுக்கொடியை எல்லாம் வாரி வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "கொள்ளில் வழுக்கியது. அவ்வளவுதானே?" என்றார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"வழுக்குனது நெசம்தாங்க ஐயா. எதனால வழுக்குச்சுன்னு ஓட்டிக் காட்டுறேன். கொள்ள மறுபடி பரப்பச் சொல்லுங்க" என்றேன்.

ஏஜெண்டின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜனங்கள் தயங்கித் தயங்கிக் கொடியை எடுத்து வந்து அதே இடத்தில் பரப்பினார்கள். நான் காலி வண்டியை இரண்டாவது கியரில் இறக்கினேன். இருமலோடு, கத்தலோடு, முள் பத்தில் நிற்க வந்து, கொள்ளில் ஏறியதும் மிதித்தேன். கொஞ்சம் வழுக்கி நின்றது. ஃபிட்டர் நடந்து எண்ணினார். ஐந்து தப்படி.

"இப்ப ரெண்டு மடங்கு வேகத்துல வரேன். எத்தினி தப்படில நிக்கும்னு நெனைக்கிறீங்க?"

"பத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

முள் இருபதில் வந்து மிதித்தேன். ஃபிட்டர் எண்ணிக்கொண்டே நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். பத்தொன்பது போய், இருபதில் முடிந்தது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. நான் கற்காமல் விட்டிருந்த இரண்டாவது விதியின் கணக்கு இதுதான். கூட இருக்கும் பாரத்துக்கும் வேகத்துக்கும் கணக்குத் தெரியாது என்று நினைத்து நாம் ஓட்டுகிறோம். அவை பைசா குறையாமல் வசூலிக்கும். இன்ஸ்பெக்டர் அந்த இருபது தப்படியையும் தாமே ஒருமுறை நடந்து பார்த்தார்.

"விபத்து அன்று எவ்வளவு வேகம்?"

"நாப்பது. நியூட்ரல்ல விட்டேங்க. ஏத்தம் ஏறணும்னு. இன்ஜின் சத்தமும் இல்ல, அதான் அந்தப் பொண்ணுக்கு வண்டி வர்றதே தெரியல."

"நாற்பதில் விட்டு இன்னொரு தரம் ஓட்டிக் காட்டு."

"மாட்டேங்க. எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன். என் வேலையில் நான் மேலதிகாரி ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரே தடவைதான்.

அவர் என்னையே பார்த்தார். "கொள்ளு வழுக்கும் என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியுங்க. ஏத்தத்துல போட்டிருந்தா. என் சக்கரம் வழுக்குச்சு. பள்ளத்துல போடுன்னு எடத்தக் காட்டுனவனே நான்தான்."

வழுக்கும் என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தபோது தெரிந்திருந்தது. எனக்கு வசதியாக இருந்தபோது மறந்துவிட்டது. தம்பிகளே, இந்த விதிகளைத் தெரியாமல் ஆக்ஸிடென்ட் செய்த டிரைவரை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் தெரியும். தன் வண்டிக்கு மட்டும் இன்றைக்கு ஒருநாள் பொருந்தாது என்று நினைப்பார்கள். உங்களிடம் இப்போது ஏர் பிரேக் இருக்கிறது, நல்ல டயர் இருக்கிறது. சரி, இருக்கட்டும். சக்கரத்தைப் பிடிக்கிற வேலையைத்தான் பிரேக் செய்யும். வண்டியைப் பிடிப்பது தரை. தரை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது உங்கள் கண்.

அஞ்சலைமேல் கேஸ் இல்லை என்று அங்கேயே எழுதினார்கள். வைத்தியச் செலவைக் கம்பெனி தலையில் கட்டினார்கள். என் லைசென்ஸை ஒரு வருஷம் பிடித்துவைத்தார்கள். ஏஜெண்டு என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் ஃபிட்டர் சொல்லி, அதே வண்டிக்குக் கரி போட்டுக் காற்றுருளை சுற்றுகிற வேலையைக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் புகையை விழுங்கிக்கொண்டு பின்னால் நின்றேன். மற்றவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தால் நிறைய தெரியும். வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு வருஷமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாசியில் லைசென்ஸ் திரும்ப வந்தது. முதல் நாள் வண்டியை எடுத்தேன். பள்ளத்தின் உச்சியில் கியரைக் குறைத்துப் போட்டேன். வண்டி கத்திக்கொண்டு இறங்கியது. கீழே கொள்ளு பரப்பியிருந்தது. நடுரோட்டில் அஞ்சலை நின்றிருந்தாள். சத்தம் நன்றாகவே கேட்டிருக்கும். ஒதுங்கவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான்.

மிதித்தேன். வண்டி நின்றது.

அவள் வண்டியை நோக்கி நடந்து வந்தாள். கால் வளைந்துதான் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். வண்டியின் முகப்பில் கையை வைத்து நின்றாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு முன்ன பத்து தப்படி விட்டு நிறுத்தியிருக்குற" என்றாள். "அன்னைக்கு இந்தப் பத்து தப்படி எங்கண்ணா போச்சு?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். வண்டி முழுக்க ஜனங்கள் இருந்தார்கள்.

"நான்தாம்மா எடுத்துகினேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கவைக்கோலை ஊன்றிக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போய் நின்றாள். "சரி, ஓட்டு. கொள்ளு காஞ்சிகினு இருக்குது" என்றாள்.